அட்டையில் 29, காதுக்குள் எவ்வளவு? கிருஷ்ணகிரி, தருமபுரியில் வாங்கக் கிடைக்கும் காதுக் காப்புகள்

காது இரைச்சலுக்கு இயர்பிளக்தான் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மாட்டிய முதல் நிமிடத்திலேயே உள்ளே ஓடுகிற 'கொய்ங்' இன்னும் எடுப்பாகக் கேட்கும். வெளிச்சத்தம் அடங்கிவிட்டதால் அப்படித் தெரிகிறது, புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் பலர் அந்த நிமிடத்திலேயே பயந்து பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த எட்டு மணி நேரமும் வெறுங்காதோடு பட்டறையில் நிற்கிறார்கள்.

அதன் வேலை வேறு. மிச்சம் இருக்கிற கேள்வித் திறனைக் காப்பதும், தட்டு விழுந்தாலே கூசுகிற காதைக் கொஞ்சநேரம் கூட்டத்தில் தாக்குப்பிடிக்க வைப்பதும்தான். அதற்கான தேவை இந்த இரண்டு மாவட்டத்தில் நிறையவே இருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகள், மாம்பழ சீசனில் ஓடுகிற மாங்கூழ் ஆலைகள், ஓசூர் சிப்காட்டின் பிரஸ் ஷாப்புகள், தை மாத எருது விடும் விழா, மாரியம்மன் பண்டிகைக் கூம்பு ஸ்பீக்கர், தொப்பூர் கணவாயில் முதுகுக்குப் பின்னால் அலறும் ஏர் ஹாரன். ஒவ்வொன்றுக்கும் ஒரே சாமான் சரிப்படாது. கடைக்காரர் எடுத்துப் போடுகிற மூன்று நான்கு வகையில் எது எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்று பார்ப்போம்.

அட்டையில் இருக்கும் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். என்.ஆர்.ஆர். (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்கிற அமெரிக்க மதிப்பீடு) 29 என்று போட்டிருந்தால் 100 டெசிபல் சத்தம் 71 ஆகிவிடும் என்றுதான் தோன்றும். ஆகாது. அது ஆய்வுக்கூடத்தில் பிளக் சரியாகப் பொருந்தியிருக்கும்போது எடுத்த எண். சத்தத்தை 'ஏ' அளவையில் அளந்திருந்தால் (போன் ஆப்கள் வழக்கமாகக் காட்டுவது அதுதான்) முதலில் அந்த அட்டை எண்ணிலிருந்து 7 கழிக்க வேண்டும். மிச்சத்தையும் நடைமுறைக்காகப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா. 29-ல் 7 போனால் 22, அதில் பாதி 11. 100 டெசிபல் பட்டறையில் நின்றால் காதுக்குள் போவது 89. அதே நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். 89 என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஷிப்டில் பாதிகூட இல்லை. நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. ஏற்கெனவே காது இரைச்சல் உள்ளவர் 85 கணக்கையே பிடித்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய அட்டையில் எஸ்.என்.ஆர். என்று வேறொரு எண் இருக்கும். 3எம் 1100 ஃபோம் பிளக்குக்கு என்.ஆர்.ஆர். 29, எஸ்.என்.ஆர். 37. சாமான் ஒன்றுதான், அளக்கிற முறை வேறு. "இது 37 சார், அதைவிடப் பெட்டர்" என்று கடையில் சொன்னால் எந்த எண் என்று கேளுங்கள். எந்த எண்ணுமே இல்லாமல் ஜாடியில் கொட்டிக் கிடப்பதை விட்டுவிடுங்கள். ஐ.எஸ். 9167, ஈ.என். 352, ஆன்சி எஸ்3.19 என்கிற தரக் குறியீடுகளில் ஒன்றாவது உறையில் இருக்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் நீச்சல் பிளக் தண்ணீருக்கு, சத்தத்துக்கு அல்ல. பஞ்சு எதற்குமே இல்லை. எவ்வளவு திணித்தாலும் பத்து டெசிபல்கூடத் தேறாது.

இனி ஃபோம். 3எம் 1100, அதுவே கயிறு கோத்து வந்தால் 1110. ஜோடி பத்து, இருபது ரூபாய்க் கணக்கில் கிடைக்கும். விலைக்கு இதை அடிக்க வேறு சாமான் இல்லை. ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை மாட்டுகிற விதத்தைப் பார்த்தால் வயிறு எரியும். பாதி வெளியே துருத்திக்கொண்டு, காதில் முளைத்தது போல நிற்கும். அப்படி மாட்டியதற்கு 29-ம் இல்லை, 11-ம் இல்லை.

சரியாக மாட்டும் விதம் இது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளக்கை இரண்டு விரலுக்கு நடுவே விளக்குத் திரி போல மெல்லிசாக உருட்ட வேண்டும். நசுக்கி மடித்தால் சுருக்கம் விழும், சுருக்கத்தின் வழியே சத்தம் போகும். எனவே மெதுவாக உருட்டி, கடைசியில் அழுத்தம் கூட்டுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத் துளை வளைவானது, இந்த இழுப்பில்தான் நேராகும். உருட்டியது விரிவதற்குள் உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 20 முதல் 30 விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். எல்லோரும் தவறவிடுவது இந்த இடம்தான். உடனே விரலை எடுத்துவிட்டால் விரிகிற ஃபோம் தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி. நேருக்கு நேர் நிற்பவருக்கு உங்கள் பிளக்கின் முனை துருத்தித் தெரியக்கூடாது. அடுத்து, சத்தம் ஓடுகிற இடத்திலேயே நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதைக் குவித்து மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் ஒழுகுகிறது என்று அர்த்தம், திரும்ப மாட்ட வேண்டும். உங்கள் பேச்சே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் அது கோளாறு அல்ல. ஆனால் ஒரு பக்கம் மட்டும் அப்படிக் கேட்டால் மறுபக்கம் சரியாகப் போகவில்லை. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகித் திருகி எடுங்கள். அழுக்கேறியதும், உருட்டினால் திரும்ப விரியாததும் குப்பைக்கு. ஃபோமைக் கழுவிப் பயனில்லை.

அப்படியானால் கிரானைட் பட்டறைக்கு ஃபோம்தானே? இல்லை. அங்கே நிற்பவரின் விரலைப் பார்த்தாலே காரணம் புரியும். கல் தூளும் தண்ணீரும் சேர்ந்த சாம்பல் நிறக் குழம்பு நகக்கண் வரை ஏறியிருக்கும். டீக்குக் கழற்றி, அந்த விரலால் திரும்ப உருட்டி உள்ளே விட்டால் காதுத் துளையில் உப்புத்தாள் தேய்த்த கதைதான். அரிப்பு, புண், சீழ் என்று போகும். இங்கே மூன்று அடுக்குக் குடை வைத்த ரப்பர் பிளக் ஜெயிக்கிறது. 3எம் 1271 கயிறோடும் சிறு டப்பாவோடும் வரும், என்.ஆர்.ஆர். 24. எண் குறைவுதான். ஆனால் காம்பைப் பிடித்தே மாட்டலாம், காதுக்குள் போகிற பகுதியில் விரல் படாது. உருட்ட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். மடலை இழுத்து, காம்பைப் பிடித்து, மூன்றாவது குடையின் விளிம்பு துளை வாசலில் உட்காரும்வரை மெல்லத் திருகினால் போதும். வீட்டுக்கு வந்ததும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி டப்பாவில் போடுங்கள். ஸ்பிரிட், தின்னர் வேண்டாம், ரப்பர் விறைத்துவிடும். குடையில் கீறல் விழுந்தாலோ விளிம்பு சுருண்டாலோ மாற்றுங்கள். ஒன்று கவனிக்க: குடை பிளக்கை வேகமாக இழுத்தால் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டுச் செவிப்பறை சுளீரென்று வலிக்கும். கயிற்றைப் பிடித்து இழுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். துளை சிறிதாக உள்ளவர்களுக்கு, பெண்கள் பலருக்கும், இந்த ஒரே அளவு வலிக்கலாம். அவர்களுக்குத் தண்டு வைத்த ஃபோம் ஒத்துவரும், அதிலும் விரல் படாது.

பட்டறையில் பிளக்கைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. 30 டெசிபல் குறைக்கிற உயர்ந்த காப்பு என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் அதைக் கழற்றி வைத்தால், மொத்த ஷிப்டுக்கும் அது தந்த பாதுகாப்பு வெறும் 12 டெசிபலாக விழுகிறது. பத்து நிமிடம் கழற்றினால்கூட 17-தான். போன் வந்தது, மேஸ்திரி கூப்பிட்டார் என்று ஏஜி 4 கிரைண்டர் ஓடுகிற இடத்திலேயே நின்று கழற்றுவதில் போவது இவ்வளவு. கழற்ற வேண்டுமென்றால் வெளியே வந்து கழற்றுங்கள். இதனால்தான் நாள் முழுக்க உறுத்தாமல் காதில் இருக்கிற 24, அடிக்கடி கழற்றத் தோன்றும் 29-ஐவிட மேல்.

இயர்மஃப்புக்கு வருவோம். மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, காதுக்குள் எதுவும் போகாது. காதில் சீழ் வடிகிறவருக்கும், செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கும், அழுக்கு அடைத்துக்கொள்கிற காதுக்கும் இது ஒன்றே வழி. விட்டுவிட்டு வருகிற சத்தத்துக்கு, அதாவது இரண்டு நிமிடம் கட்டர், ஐந்து நிமிடம் அமைதி என்கிற வேலைக்கு, மஃப்தான் வசதி. 3எம் பெல்டார் எக்ஸ்5ஏ இந்த வகையில் உச்சம், என்.ஆர்.ஆர். 31. எடையும் 351 கிராம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு அரை நாள் நிற்க முடியும் என்று தோன்றவில்லை. வேர்வை வடிந்ததும் ஒரு காதைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் கை போகும், மேலே சொன்ன 12 டெசிபல் கணக்கு அங்கே வந்துவிடும். எண் இருபது சொச்சம் உள்ள எடை குறைந்த மஃப் போதும்.

மஃப்பின் உயிர் அதன் மெத்தை விளிம்பில் இருக்கிறது. அது தோலோடு முழு வட்டமாகப் படிய வேண்டும். கண்ணாடிக் கம்பி, தலையில் கட்டிய துண்டு, கிருதா, தோடு, ஜிமிக்கி எதுவானாலும் நடுவில் வந்தால் அங்கே ஒரு சந்து விழும். மாங்கூழ் ஆலையில் வலைத்தொப்பியின் எலாஸ்டிக்கின் மேலேயே மஃப்பை மாட்டுவது வழக்கம், அதுவும் சந்துதான். தொப்பியின் விளிம்பைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மாட்டுங்கள், கம்மலைக் கழற்றிவிடுங்கள். மெத்தை விறைத்து வெடிப்பு விட்டால் மஃப் வெறும் அலங்காரம். வருடத்துக்கு இரண்டு முறையாவது மெத்தையும் உள்ளிருக்கும் ஃபோமும் மாற்ற வேண்டும். மாற்று மெத்தை கிடைக்காத மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தலைப்பட்டையை விரித்து விரித்து நீட்டிவைத்தாலும் பிடிமானம் போய்விடும்.

குவாரியில் ஜாக் ஹாமர் பிடிப்பவர் ஃபோமும் மஃப்பும் சேர்த்து மாட்டலாம். இரண்டு எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். பெரிய எண்ணோடு ஏறக்குறைய 5 டெசிபல்தான் சேரும். ஏதோ ஒரு கட்டத்துக்குமேல் சத்தம் காது வழியாக இல்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும், அதை எந்தப் பிளக்கும் தடுக்காது.

ஓசூர், கிருஷ்ணகிரி ஹைவேயில் தினமும் பைக்கில் போய்வருகிறவர்களுக்கு இன்ஜினைவிடப் பெரிய எதிரி ஹெல்மெட்டுக்கு அடியில் புகும் காற்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 90 டெசிபலைத் தாண்டும், விலை உயர்ந்த ஹெல்மெட்டும் பெரிதாகத் தடுக்காது. இங்கே குடை பிளக் வேண்டாம். காம்பு ஹெல்மெட் பஞ்சில் இடித்துக் காதைக் குத்தும். வாசலோடு மட்டமாக உட்காரும் ஃபோம் நல்லது. ஹாரன் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், காற்றிரைச்சல் அடங்குவதால் ஹாரன் தெளிவாகவே கேட்கும். ஊருக்குள் நுழைந்ததும் கழற்றிவிடலாம்.

பஸ்ஸில் போகிறவர்கள் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இன்ஜின் உறுமல், ஏசி ஓட்டம் போன்ற ஒரே சீரான கனத்த சத்தத்தை அது நன்றாகவே அடக்கும். பெங்களூரு பஸ்ஸுக்கு நல்ல துணை. ஏர் ஹாரனையும் டவுன் பஸ் ஸ்பீக்கரில் கத்தும் பாட்டையும் அது பிடிக்காது. பட்டறைக்கு இதைக் காப்பாகக் கணக்கிடவே கூடாது, இவற்றில் பலவற்றுக்கு என்.ஆர்.ஆர். எண்ணே கிடையாது. தனியாக நிற்கும்போது திடீரென்று ஹாரன் அடித்தால், காதுத் துளைக்கு முன்னால் இருக்கிற சிறு குருத்தை விரலால் உள்ளே அழுத்துங்கள். செலவில்லாத, எப்போதும் கையோடு இருக்கிற காப்பு அது.

கூத்து, கச்சேரி, கல்யாண மண்டபத்து பேண்ட் இவற்றுக்கு ஃபோம் ஒத்துவராது. உயர் சுருதியைக் கூடுதலாக விழுங்கிவிடுவதால் முகவீணை மங்கிப்போய் மத்தளம் மட்டும் 'தொம் தொம்' என்று நிற்கும். இதற்கென்றே ஃபில்டர் வைத்த பிளக் உண்டு, சத்தத்தை எல்லாச் சுருதியிலும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைக்கும். எட்டிமோட்டிக் ஈஆர்20எக்ஸ்எஸ் அட்டையில் என்.ஆர்.ஆர். 13 என்றுதான் இருக்கும், சரியாக உட்கார்ந்தால் 20 டெசிபல் குறைக்கும். லூப் எக்ஸ்பீரியன்ஸ் 2-க்கு எஸ்.என்.ஆர். 17, லூப் குவைட் 2-க்கு 24. பார்க்கக் கம்மல் போல இருப்பதால் கல்யாணத்தில் யாரும் விசாரிக்க மாட்டார்கள், அதற்கும் சேர்த்துத்தான் விலை. ஹார்டுவேர் கடையில் இவற்றை எதிர்பார்க்க முடியாது, ஆன்லைன்தான். பம்பை, தவில் வாசிக்கிறவருக்கு ஆடியாலஜிஸ்ட் (கேள்வித் திறன் நிபுணர்) காதில் அச்சு எடுத்துச் செய்கிற பிளக் லாபம். 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டரை மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் ஆகும், பல வருடம் உழைக்கும்.

பண்டிகையில் பிளக்கைவிடத் தூரம் பெரிய காப்பு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். பட்டாசுக்குச் சட்ட வரம்பே 4 மீட்டரில் 125 டெசிபல். வெடியிலிருந்து 32 மீட்டர் தள்ளிப்போனால் 18 டெசிபல் மிச்சம். வெடி போட்டபின் பிளக்கைத் தேடிப் பயனில்லை, எருது விடும் விழாவுக்குப் போனால் தெருவுக்குள் நுழையும்போதே மாட்டியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சிறு அளவு மஃப்தான், பெரியவர் மஃப் சிறு தலையில் படியாது. கைக்குழந்தைக்குப் பிளக் கூடவே கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாவுக்காக நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு வருடத்தில் 15 நாள் வரை உரிமை உண்டு. நம் ஊரில் அந்த 15 எப்படி எண்ணப்படுகிறது என்பது தனிக்கதை.

சத்தம் தாங்காத காது உள்ளவர்கள் செய்கிற எதிர்த்தவறும் உண்டு. சமையலறைக்குப் பிளக், டிவிக்குப் பிளக், தூங்கும்போது பிளக். வெளிச்சத்தம் வராவிட்டால் மூளை தன் ஒலிப்பெருக்கியை ஏற்றிக்கொள்கிறது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல காது உள்ளவர்களுக்கே இரண்டு வாரம் பிளக் மாட்டிவிட்டதில் சத்தம் முன்பைவிடப் பெரிதாகப் படத் தொடங்கியது. மெல்லிய சத்தத்தைக் கருவி வழியே காதில் ஓடவிட்டவர்களுக்கு நேர்மாறு. மிக்சி, பிரஷர் குக்கர், பிள்ளைகள் கத்தல் இவை கூசினாலும் சில விநாடி, சில நிமிட விஷயம். பிளக் மாட்டாமல் இரண்டடி தள்ளி நின்று பழகுவதே நல்லது. இரவில் ஃபேன் சத்தமோ, போனில் மழைச் சத்தமோ ஓடட்டும். காது இரைச்சலை முழுக்க மூடுகிற அளவுக்கு வைக்காமல், அதற்குக் கொஞ்சம் கீழேயே வையுங்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும்.

பிளக் வாங்கப் போகாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றே ஈ.என்.டி.யைப் பாருங்கள். "சளி அடைச்சிருக்கும், வாரம் போகட்டும்" என்று விட்டால் மருந்து வேலை செய்கிற நாட்கள் போய்விடும். ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து 'தொப் தொப்' என்று கேட்பது, கூடவே தலைசுற்றல் இவையும் காட்ட வேண்டியவை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலே இரைச்சல் வரும், அதை அவர்கள் எடுத்துவிட்டாலே சிலருக்குத் தீர்ந்துவிடும். பட்ஸ் விட்டு நோண்டிவிட்டுப் போகாதீர்கள். கேட்கும் திறன் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது காது பெருஞ்சத்தம் படாமல் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்த கையோடு போனால் அன்றைய தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும், நிலை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். வார விடுமுறைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் எடுக்கிற மாதிரி நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.